ஹோஸ்டா வாங்குகிறவர்கள் கவனம்: ஆறு செடியின் பணம் போச்சு

ஆறு செடியின் பணம். மொத்தமும் போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவராவது தப்பிக்கட்டும்.

ஹோஸ்டா, இலையழகுக்காக நிழலில் வளர்க்கும் செடி. அதில் 'குவாக்கமோலி' என்றொரு ரகம். இலையின் நடுவே பொன் கலந்த வெளிர்பச்சை, ஓரத்தில் கரும்பச்சை. கோடையில் மணக்கும் பெரிய பூக்கள். ஹோஸ்டாவில் பெரும்பாலானவை மணக்காது, அதனால்தான் இதன்மேல் அத்தனை ஆசை. போதாததற்கு, 2002-இல் ஆண்டின் ஹோஸ்டாவாகத் தேர்வானதும் இதே ரகம்தான்.

இணையத்தில் செடி விற்கும் ஒருவரிடம், வைரஸ் இல்லாத செடிதானா என்று நேராகவே கேட்டேன். "எங்க தாய்ச்செடியில பிரிச்சதுங்க, கவலையே படாதீங்க" என்றார். படங்கள் அனுப்பினார். எங்கே நட வேண்டும், நத்தை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். செடிமேல் இவ்வளவு அக்கறை உள்ளவர் ஏமாற்றுவாரா? ஆறு செடிக்கும் முழுப் பணத்தை முன்கூட்டியே அனுப்பினேன்.

இலை விரிந்ததும் வயிறு எரிந்தது. நரம்போரமாகக் கரும்பச்சை, தாளில் மை ஊறியதுபோல் வெளிர்ந்த பகுதிக்குள் பரவியிருந்தது. அங்கங்கே இலை சுருங்கியும் இருந்தது. சோதனைப் பட்டை வாங்கிப் பார்த்தேன்: ஹோஸ்டா வைரஸ் எக்ஸ். 1996-லேயே அடையாளம் கண்ட நோய், இன்றுவரை மருந்து கிடையாது. செடியை வேரோடு பிடுங்கி அழிப்பதுதான் ஒரே வழி.

படம் அனுப்பிக் கேட்டால், முதலில் "தண்ணி அதிகமாயிருக்கும்" என்றார். அப்புறம் "அது அபூர்வமான கோலம், உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார்! இந்த வைரஸ் போட்ட கோலத்தையே ஒரு காலத்தில் 'லெப்பர்ட் ஃப்ராக்', 'பிரேக் டான்ஸ்' என்று புது ரகமாக விற்றிருக்கிறார்கள், அதே பழைய கதையை என்னிடமும் அவிழ்க்கிறார். சோதனை முடிவை அனுப்பியதும் "உயிருள்ள பொருளுக்குப் பணம் திருப்பித் தர மாட்டோம்" என்று ஒரே வரி. அதற்குமேல் பதிலே இல்லை. ஆறு செடியின் பணத்துக்கு அந்த ஒரு வரிதான் மரியாதை.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். அனுப்பப்போகிற செடியின் இலையையே படமெடுத்துக் கேளுங்கள். நோய் வெளியே தெரிய வருடங்கள்கூட ஆகலாம், அதனால் புதுச்செடியைத் தனியாகவே வையுங்கள். சாறு பட்டாலே பரவும். ஒரு செடியை வெட்டிய கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்ததில் வைக்காதீர்கள். 'குவாக்கமோலி விதை' என்று யாராவது விற்றால் தொடவே தொடாதீர்கள், விதையில் அந்த ரகம் அப்படியே வராது.