ரோம் நகரம் பெருகியதும் சுருங்கியதும்: நடைச் சுற்றுலாவுக்கு 4 நட்சத்திரம்

ரோமுக்குப் போகிறவர்கள் கொலோசியத்தோடு திரும்பிவிடாதீர்கள். அந்த ஊரில் மக்கள் எப்படிப் பெருகினார்கள், எப்படிக் குறைந்தார்கள் என்பதை மட்டுமே சொல்லும் ஒருநாள் நடைச் சுற்றுலா ஒன்று இருக்கிறது. குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அது பெரிய விருந்து.

முதலில் மோன்தே தெஸ்தாச்சோ. புல் மண்டிய சாதாரணக் குன்றாகத்தான் தெரியும். முழுக்க முழுக்க உடைந்த எண்ணெய்ச் சாடிகள், சுமார் 35 மீட்டர் உயரத்துக்கு! முன்அனுமதி இல்லாமல் ஏற விடமாட்டார்கள்; அதைச் சுற்றுலாக்காரர்களே வாங்கித் தந்தார்கள். காலடியில் ஓடுகள் நொறுங்கின. குனிந்து பார்த்தால், தடித்த கைப்பிடி ஒன்றில் முத்திரை எழுத்துகள் இன்னும் அழியவில்லை. பெரும்பாலும் தென் ஸ்பெயினிலிருந்து ஒலிவ எண்ணெய் கொண்டுவந்த சாடிகள். பழங்காலத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர், கடல் கடந்து வந்த விளைச்சலைத்தான் உண்டது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2 லட்சம் பேருக்கு அரசே இலவசமாகத் தானியம் அளந்தது. கி.பி. 439இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் வட ஆப்பிரிக்காவின் கார்தேஜ் நகரைப் பிடித்ததும் ஆப்பிரிக்கத் தானியம் கைவிட்டுப் போயிற்று. ஏற்கெனவே தளர்ந்திருந்த ஊர் மேலும் சுருங்கியது.

பிறகு மெட்ரோ ஏறி, பழைய நீர்க்கால்வாய்களின் வளைவுகள் வரிசையாக நிற்கும் கால்வாய்ப் பூங்கா. வழிகாட்டிப் பெண் இங்கே அவசரமே படவில்லை. 537இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தார் நீர்க்கால்வாய்களைத் துண்டித்தார்கள். தண்ணீரில் ஓடிய மாவு ஆலைகள் நின்றன. நகரைக் காத்த கிழக்கு ரோமானியத் தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் படகுகளை நிறுத்தி, அவற்றின் மேல் ஆலை அமைத்து மாவரைத்தார். எப்பேர்ப்பட்ட மூளை! ஆனாலும் மேட்டுப் பகுதிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. மிஞ்சிய சில பத்தாயிரம் பேர் ஆற்று வளைவை ஒட்டி ஒண்டிக்கொண்டார்கள். ஒருகாலத்தில் நகரின் மையமாக இருந்த பழைய மன்றத்தில் (ஃபோரம்) மாடு மேய்ந்தது. 1580களில் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் புதுக் கால்வாய் வெட்டிய பிறகே குன்றுகளில் மறுபடி குடியேற்றம் வலுத்தது. அந்தக் கால்வாய் பழைய வளைவுகளின் மேலேயே போவதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. 1871இல் இத்தாலியின் தலைநகரானபோது ரோமில் சுமார் 2 லட்சம் பேர். இன்று சுமார் 27 லட்சம். இந்தப் பெரிய கதையை பஸ் நிறுத்தத்தில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். காதில் மாட்டும் கருவியும் அடிக்கடி கரகரத்தது.

குன்றுப் பாதை வழுக்கும். பிடிப்புள்ள காலணி அவசியம். தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டாம், தெருக்குழாய்களில் நல்ல நீர் நாள் முழுக்க ஓடுகிறது.