சுண்டெலி மூளையில் சிஎக்ஸ்சிஎல்10 அளக்க டுவோசெட் எலைசா: வாங்கலாமா?

வெஸ்ட் நைல் போன்ற வைரஸ் மூளைக்குள் புகுந்தால், டி செல்களை (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) அங்கே வரவழைக்கும் முக்கியமான கீமோகைன், அதாவது செல்களை ஈர்க்கும் சமிக்ஞைப் புரதம், சிஎக்ஸ்சிஎல்10. நரம்பணுக்களே அதைச் சுரக்கும். ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் சி57பிளாக்6 எலிகளில், இதே வேலையைச் செய்யும் சிஎக்ஸ்சிஎல்11 புரதம் உருவாவதில்லை என்பதால், அந்த எலிகளில் இதன் அளவு இன்னும் முக்கியம்.

எலைசா என்பது ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து, நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை. ஆர் அண்ட் டி சிஸ்டம்ஸின் டுவோசெட் எலைசா கிட்டில் ஆன்டிபாடி ஜோடி (பிடிக்க ஒன்று, கண்டறிய ஒன்று), ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த சிஎக்ஸ்சிஎல்10), ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி (நிறம் உண்டாக்கும் பெராக்சிடேஸ் நொதி) மட்டுமே வரும். பிளேட், பஃபர், டிஎம்பி (நொதி பட்டால் நீலமாகும் திரவம்) எல்லாம் தனியாக வாங்க வேண்டும். பிளேட்டை முந்தின நாள் இரவே பிடிக்கும் ஆன்டிபாடியால் கோட் செய்து வைக்கணும். மறுநாள் 1% பிஎஸ்ஏவில் (மாட்டு ஆல்புமின் புரதம்) பிளாக்கிங், அதாவது காலி இடங்களை மூடுவது, 1 மணி நேரம், சாம்பிள் 2 மணி நேரம், டிடெக்‌ஷன் ஆன்டிபாடி 2 மணி நேரம், எச்ஆர்பி 20 நிமிடம், டிஎம்பி 20 நிமிடம். கடைசி இரண்டும் வெளிச்சம் படாமல். 450 நானோமீட்டரில் படித்து, 540 அல்லது 570 அளவைக் கழித்துவிடுங்கள்.

செல் கல்ச்சர் திரவத்தில் பிரச்சினையே இல்லை. மூளைத் திசுவில்தான் வம்பு. பிபிஎஸ் (உப்புக் கரைசல்) செலுத்தி ரத்தத்தை முழுக்க வெளியேற்றாவிட்டால் இரண்டு விதத்தில் ஏமாறுவீர்கள்: ரத்தத்திலுள்ள சிஎக்ஸ்சிஎல்10 மூளைக் கணக்கில் சேரும், ஹீமோகுளோபினுக்குப் பெராக்சிடேஸ் போன்ற குணம் இருப்பதால் சிஎக்ஸ்சிஎல்10 இல்லாத சாம்பிள் உள்ள கிணறும் (பிளேட்டின் குழி) நீலமாகலாம். 100 மி.கி. திசுவுக்கு 1 மி.லி. பஃபர், கூடவே புரோட்டியேஸ் (புரதத்தைச் சிதைக்கும் நொதி) தடுப்பான்; 4 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜ் செய்து தெளிந்த மேல்திரவத்தை மட்டும் எடுங்கள். பஃபரில் சோடியம் அசைடு வேண்டவே வேண்டாம், எச்ஆர்பியைச் செயலிழக்கச் செய்துவிடும்.

தொற்றில்லாத மூளைச் சாற்றில் தெரிந்த அளவு ஸ்டாண்டர்டைக் கலந்து, 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் சாம்பிளை இன்னும் நீர்க்கச் செய்யுங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாத எண்ணைப் பேப்பரில் போடாதீர்கள். முடிவைத் திசு எடைக்கோ மொத்தப் புரதத்துக்கோ வகுத்துச் சொல்லுங்கள்.

எந்த செல் சுரந்தது என்று இந்த கிட் சொல்லாது. அதற்கு இன் சிட்டு ஹைபிரிடைசேஷன் (திசுவிலேயே அந்த மரபணுவின் ஆர்என்ஏ எந்த செல்லில் இருக்கிறது என்று காட்டும் முறை) வேண்டும். முதுகுத்தண்டுத் திரவத்துக்கும் ஒத்துவராது: ஒரு கிணற்றுக்கு 100 மைக்ரோலிட்டர் கேட்கும், ஒரு சுண்டெலியில் பத்து மைக்ரோலிட்டர் கிடைத்தாலே பெரிது. அந்த வேலைக்கு நுண்மணிகளை (பீட்) வைத்துப் பல புரதங்களை ஒரே நேரத்தில் அளக்கும் மல்டிபிளெக்ஸ் பக்கம் போங்கள்.