கொழுந்தின் விலையை எழுதி வைத்திருக்கும் கடை

பண்டாரவளையிலிருந்து வெலிமடைக்குச் செல்லும் வீதியில் உள்ள ஒரு சிறிய தேயிலைக் கடையில் கடந்த எட்டு மாதங்களாகத் தூள் வாங்கி வருகிறேன். உள்ளே நுழைந்தால் இடப்பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. அந்த வாரம் ஒரு கிலோ பச்சைக் கொழுந்துக்குச் சிறுபற்று நில உரிமையாளர்களுக்கு, அதாவது சிறிய நிலத்தில் தேயிலை வளர்ப்பவர்களுக்கு, கொடுத்த விலை அதில் எழுதப்பட்டிருக்கும். மலையகத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, கொழுந்தின் விலையைத் தூள் வாங்க வருபவரின் கண்ணில் படும்படி வைத்த கடை இதுவே முதல்.

முதலில் சுவை. கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் எடுத்த கொழுந்தில் செய்த பி.ஓ.பி. எனும் உடைந்த இலைத் தூள்தான் இவர்களிடம் உள்ளவற்றில் சிறந்தது. கொதித்த நீரில் மூன்று நிமிடம் ஊறினால் போதும். இந்த ஊவா மாகாணத் தேயிலைக்கே உரிய, புதினாவை நினைவூட்டும் மணம் எழுகிறது. பால் சேர்க்காமல் வெறும் தேத்தண்ணியாகக் குடிப்பதே இதற்குச் செய்யும் மரியாதை. ஆனால் மலிவு விலையில் விற்கும் டஸ்ட் தூள் சந்தையில் கிடைப்பதைவிட எவ்விதத்திலும் மேலானதல்ல.

இந்தக் கடையைப் பற்றி எழுதத் தூண்டியது அவர்கள் பணம் கொடுக்கும் முறை. இலங்கைத் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானது சிறுபற்று நிலங்களிலிருந்தே வருகிறது. தொழிற்சாலையின் சராசரி விற்பனை விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கும் 32 சதவீதம் தொழிற்சாலைக்கும் என்பது நடைமுறையில் உள்ள பங்கீடு. கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்தக் கணக்கு, தொழிற்சாலை தூளை ஏலத்தில் விற்பதோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு தூள் அழகிய பொதிக்குள் போய்ப் பல மடங்கு விலைக்கு விற்கப்படும்போது, அந்த மேலதிக வருமானத்தில் ஒரு சதமும் கொழுந்து விளைந்த மலைக்குத் திரும்புவதில்லை. இவர்களோ கொழுந்தை எடைபோட்டவுடன் ஒரு தொகையைக் கொடுத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, சில்லறை விற்பனையில் கிடைத்த இலாபத்திலிருந்து இரண்டாவது தவணையையும் கொடுக்கிறார்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள்தான் கிடைக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த இரண்டாவது தவணையின் பெறுமதி விளங்கும்.

மண்ணைப் பற்றியும் பொறுமையாகவே நடக்கிறார்கள். 2021 ஆம் ஆண்டு அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியதால் தேயிலைச் செடிகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, முற்றிலும் இயற்கை விவசாயம் என்று இவர்கள் பொதியில் அச்சிடவில்லை. மண்ணைப் பரிசோதித்து, கிளிரிசீடியாத் தழையையும் கூட்டெருவையும் இட்டு, உரத்தை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொல்கிறார்கள். சரிவான நிலத்தில் மழைநீர் வடியக் கான் வெட்டிப் பராமரிப்பவருக்குக் கொழுந்து விலையில் சிறு ஊக்கத்தொகையும் உண்டு. மண் அடித்துச் செல்லப்பட்ட மலையில் எந்த உரமும் நிற்காது என்பதால் இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

குறைகளும் உள்ளன. அன்பளிப்புப் பொதியின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டியிருப்பதால் அதை மீள்சுழற்சிக்குக் கொடுக்க முடியாது. தூளில் ஈரம் ஏறாமலிருக்க அது தேவை என்கிறார்கள். மூடுபனி இறங்கும் ஊரில் அது மெய்தான் என்றாலும், தகர டின் அதே வேலையைச் செய்யுமே. அதைவிடப் பெரிய குறை, சிறுபற்று நிலங்களில் கூலிக்குக் கொழுந்தெடுக்கும் பெண்களைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு வரியும் இல்லாதது. பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 ஆம் ஆண்டு 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது எவ்வளவு பேசினோம்! என் தாய் முப்பது வருடங்களுக்கு மேல் கூடை சுமந்தவர். நில உரிமையாளருக்குப் போகும் இரண்டாவது தவணையில் கொழுந்தெடுப்பவருக்கு எவ்வளவு போகிறது என்று கடையில் இரண்டு முறை கேட்டேன். அது உரிமையாளரின் விருப்பம் என்ற பதில்தான் கிடைத்தது. அடுத்த முறை போகும்போதும் கேட்பேன்.

மேலே சொன்ன ஊவாப் பருவத் தூள் 100 கிராம் 650 ரூபா. சொந்த டின்னுடன் சென்றால் 40 ரூபா குறைத்து, கண்முன்னே நிறுத்துத் தருகிறார்கள். பௌர்ணமிப் போயா தினங்களில் கடை பூட்டியிருக்கும்.