கேரவன் டிரெய்லர் வாங்குகிறீர்களா? கூரையில் அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேரவன் டிரெய்லர் செய்து வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், முக்கியமாக அட்வான்ஸ் கொடுத்துவிட்டு டெலிவரிக்குக் காத்திருப்பவர்கள், கொஞ்சம் பொறுமையாக இதைப் படியுங்கள். மார்ச்சில் 11,40,000 ரூபாய் கொடுத்து எடுத்த புது டிரெய்லர் இன்று அல்சூரில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. சேலம் வரை போய் வந்ததுதான் அது ஓடிய மொத்தத் தூரம்.

எதற்கு வாங்கினோம் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை இருக்கிறது, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். முட்டி வலி, கீழே உட்கார முடியாது. எங்கள் குலதெய்வம் கோயில் மதுரைக்கு அந்தப் பக்கம். கடைசியாக எங்களோடு வந்தபோது பெங்களூரில் கிளம்பியதிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார். அதற்கப்புறம் மூன்று வருஷமாக "நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். ஒரு படுக்கை, ஒரு சின்ன வெஸ்டர்ன் டாய்லெட், இரண்டும் கூடவே வந்தால் அம்மாவும் வருவார் என்றுதான் இதில் இறங்கினோம்.

பட்டறை பீன்யா பக்கம். உரிமையாளர் நன்றாகத் தமிழ் பேசுவார். காட்சிக்கு நிறுத்தியிருந்த டிரெய்லரில் அம்மாவைக் கைப்பிடித்து ஏற்றி உட்காரவைத்தார். "நம்ம ஆளுங்களுக்குத் தப்பா செஞ்சு கொடுப்பேனா அண்ணா? அம்மா ஏறிப் போற வண்டி." அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். வெளியூரில் இருக்கும் நமக்கு நம் மொழி காதில் விழுந்தாலே பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது. உள்ளே மர நிற லேமினேட், எல்இடி விளக்கு, மெத்தென்ற சோபா. டெலிவரி அன்று எல்லாம் பளபளவென்று இருந்தது. நானும் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன், விளக்கைப் போட்டுப் பார்த்தேன், மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். பதிவெண் வாங்கித் தந்திருந்தார்கள் என்பதும் ஒரு தைரியம். டிரெய்லரும் சட்டப்படி மோட்டார் வாகனம்தான், பதிவு கட்டாயம். ஆனால் ஆர்சி புத்தகம் கூரை ஒழுகுமா என்று சொல்லாது.

சித்திரையில் பொங்கல் வைக்கக் கிளம்பினோம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வரை ஒன்றுமில்லை. அம்மா இரண்டு முறை டாய்லெட் போனார், சந்தோஷமாகத் தண்ணீரும் குடித்தார். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். ஓரம் கட்டிப் பார்த்தால் கழிவுநீர் டேங்க் ஒரு பக்கம் கழன்று ரோட்டை உரசிக்கொண்டு தொங்கியது. அதைத் தாங்கியிருந்தது என்ன தெரியுமா? வீட்டுச் சுவரில் பைப்பைப் பிடித்து நிறுத்தப் போடும் மெல்லிய தகர கிளாம்ப். 40 லிட்டர் டேங்க், நிறைந்தால் 40 கிலோ, ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கும். அதற்கு நான்கு கிளாம்ப், அதையும் சேசிஸில் பிடிக்காமல் பிளைவுட்டில் அரை இன்ச் ஸ்குரூ வைத்து முறுக்கியிருக்கிறார்கள். ஒரு ஜாண் தள்ளி சேசிஸின் குறுக்குச் சட்டம் இருக்கிறது. அதில் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா?

டேங்கைக் கயிற்றால் கட்டி, சேலத்தில் சித்தப்பா வீட்டில் டிரெய்லரை விட்டுவிட்டுக் காரிலேயே போனோம். மதுரை போய்ச் சேரும் வரை அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறக்கவில்லை.

இதுகூடச் சரிசெய்யக்கூடியதுதான். பெரிய சேதம் மே மாத மழையில் தெரிந்தது. பெங்களூரின் சாயங்கால மழை எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தால், நனைந்த துணியை மூட்டை கட்டி வைத்த வாடை. மெத்தையின் ஒரு மூலை சொதசொதவென்று இருந்தது. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் லேமினேட் உப்பியிருந்தது. போன் செய்தேன். "ஒழுகல் இல்லண்ணா, உள்ள வேர்க்குது, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்க" என்றார். புகைப்படம் அனுப்பிய பிறகு இரண்டு பையன்களைச் சிலிக்கான் டியூபோடு அனுப்பினார்.

பையன்கள் கூரையில் ஏறி, பழைய சிலிக்கான் மேலேயே புதுச் சிலிக்கானைப் பிதுக்கினார்கள். குப்பென்று வினிகர் வாடை. அந்த வாடைதான் எனக்கு முதல் துப்பு. காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிற மலிவு ரகச் சிலிக்கான் அது. கண்ணாடிக்கும் பாத்ரூம் டைலுக்கும் சரி. இரும்பு, அலுமினியத்தை அந்த அமிலம் அரிக்கும். அதோடு, காய்ந்த சிலிக்கான் மேல் வேறு எதுவும் ஒழுங்காக ஒட்டாது, புதுச் சிலிக்கான்கூட. ஓடும்போது அதிர்கிற, வெயிலில் விரிந்து இரவில் சுருங்குகிற டிரெய்லருக்கு, இரண்டு பாகம் சேரும் இடத்தில் அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) ஒட்டி, ஸ்குரூ முறுக்கி, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் போட வேண்டும். பையன்களிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று கூலியாம், ஏழு நாளில் முடிக்க வேண்டுமாம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

அடுத்த மழையில் மறுபடியும் ஒழுகியது. எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கூரை வென்ட்டின் சட்டத்தைக் கழற்றினார். அடியில் டேப் என்று எதுவுமே இல்லை, ஓட்டையைச் சுற்றி வெளியே மட்டும் ஒரு கோடு சிலிக்கான். அப்புறம் மூலை பேனலைப் பிரித்து, பிளைவுட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். ஊறவைத்த அவல் மாதிரி விரல் உள்ளே போனது. கையில் பிய்த்துக் காட்டினார், அடுக்கடுக்காக உரிந்து வந்தது. பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தில் பெயின்டே இல்லை, முழுக்கத் துரு. "தம்பி, இது புது வண்டின்னு சொன்னீங்களே" என்று என்னைப் பார்த்தார். அப்போது அதற்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை.

குவட்டேஷனில் மரைன் பிளை, அதாவது தண்ணீரைத் தாங்கும் பிளைவுட், என்று எழுதியிருந்தது. மரைன் பிளைக்கான தரம் ஐஎஸ் 710. ஐஎஸ்ஐ முத்திரையோடு அந்த எண் ஷீட்டிலேயே அடித்திருக்கும். எங்கள் பேனலின் பின்பக்கம் இருந்தது ஐஎஸ் 303, எம்ஆர். வீட்டுக்குள் அலமாரி செய்கிற ரகம்.

இந்தச் சுவர்களின் அமைப்பைப் புரிந்துகொண்டால் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்பது விளங்கும். வெளியே அலுமினியத் தகடு, நடுவே தெர்மோகோல், உள்ளே பிளைவுட், அதன் மேல் லேமினேட். இடுக்கு வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. அங்கேயே நின்று ஊறும். நம் கண்ணுக்கு லேமினேட்டில் ஒரு கறை தெரியும்போது உள்ளே பாதி அழுகியிருக்கும். எஸ்பி ரோட்டில் மரத்தின் ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்கிவந்து குத்திப் பார்த்தேன். சுவரின் நடுவில் 12 சதவீதம். கூரையோர மூலைகளில் 28, 30. மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் தங்கினாலே அழுகல் பிடிக்க ஆரம்பித்துவிடும்.

இதற்கப்புறம் சந்தேகப்பட்டு மற்றதையும் பார்த்தேன். 1500 வாட் இன்வெர்ட்டர். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது முழு லோடில் இழுப்பது 125 ஆம்பியருக்கும் மேல். அதற்குப் போட்டிருந்த வயர் வெறும் 10 ஸ்கொயர் எம்எம், அந்த லோடுக்குப் போதாது. பேட்டரி பக்கம் ஃபியூஸ் கிடையாது. இண்டக்‌ஷன் அடுப்பை ஐந்து நிமிடம் போட்டுவிட்டு வயரைத் தொட்டால் கையை எடுக்கவேண்டிய சூடு. அம்மா அந்த வயருக்கு மேலே இருக்கும் படுக்கையில்தான் படுத்து வந்தார். எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால், 750 கிலோ என்று சொன்ன வண்டி காலியாகவே 970 கிலோ. இரண்டே சக்கரம். டயரில் சுமை எண் 79, அதாவது ஒரு டயர் தாங்குவது 437 கிலோ, இரண்டும் சேர்ந்து 874. காரோடு இணைக்கும் கொக்கியில் அறுபது எழுபது கிலோ இறங்கினால்கூட, தண்ணீரும் சாமானும் ஏற்றுவதற்கு முன்பே டயர் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. அந்த டயரோடு தொப்பூர் இறங்கியிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

டெக்ஸாஸில் இருக்கும் அத்தை பையனிடம் புலம்பியபோது, அவன் வாங்கிய டிராவல் டிரெய்லரிலும் முதல் வருஷமே கூரை ஒழுகியதாகச் சொன்னான். அங்கே இது பெரிய தொழில். பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. கொரோனாவுக்குப் பிறகு கிராக்கி ஏறி, 2021இல் மோட்டார் வீடுகளும் (தானே ஓடும் வீட்டு வண்டிகள்) சேர்த்து 6 லட்சம் வண்டிகளுக்கு மேல் அனுப்பினார்கள். அங்கேயும் எண்ணிக்கைக்குக் கூலி, அவசரம் என்ற புகார்தானாம். அதனால் இறக்குமதி டிரெய்லர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் நினைக்காதீர்கள்.

டெலிவரி எடுக்கும் முன், கடைசித் தவணை உங்கள் கையில் இருக்கும்போதே, பட்டறையிலேயே தண்ணீர் விட்டுப் பாருங்கள். சாதாரண ஹோஸ் போதும். கீழிருந்து தொடங்குங்கள், முதலில் ஜன்னல் ஓரம், அப்புறம் மேல் மூலை, கடைசியில் கூரை. மேலிருந்து தொடங்கினால் எந்த இடுக்கில் நுழைகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மொத்தம் அரை மணி நேரம். ஒருவர் உள்ளே டார்ச்சோடு அலமாரிகளுக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத பட்டறையில் வாங்கவே வேண்டாம். சுவரை மூடுவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய், பிளைவுட் முத்திரையையும் வயரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். என் பில்லில் "ஃபேப்ரிகேஷன் சார்ஜ்" என்று ஒரே வரி. "வாரண்டி சேசிஸுக்கு மட்டும்தான் அண்ணா" என்று அவர் கைவிரித்தபோது, என்னிடம் இருந்த பிடி அந்தக் குவட்டேஷனும் வாட்ஸ்அப் செய்திகளும்தான்.

முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். பட்டறையிலிருந்து பதிலே இல்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே மனு போட்டேன். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும், நாம் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். 10 முதல் 20 லட்சம் வரையான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்பதால், பிரித்த பேனலைப் பிரித்தபடியே வைத்திருக்கிறேன். ஆதாரம் அதுதான், அதனால் ஆத்திரத்தில் ரிப்பேர் செய்துவிடாதீர்கள்.

அடுத்த வாய்தா நவம்பரில். அதுவரை வண்டி இங்கேதான் நிற்கும். அட்வான்ஸ் கொடுத்தவர்கள் யாராவது நேரில் பார்க்க நினைத்தால் வாருங்கள், தார்ப்பாயை விலக்கிக் காட்டுகிறேன். கூரை மூலையில் ஒரு முறை கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு உங்கள் பட்டறைக்குப் போங்கள்.