லெனேசியா குளிருக்கு எது கைகொடுக்கும்: மின்சாரமா, கேஸா, பாரபினா (மண்ணெண்ணெய்)?

தென்னாப்பிரிக்காவின் கடலோர டர்பன் பக்கம் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். அங்கே குளிர்காலமான ஆனி, ஆடிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியா இருக்கும் மேட்டுநிலம் அப்படியல்ல. கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல். ஜூன், ஜூலையில் விடியற்காலை வெப்பநிலை 0 டிகிரியைத் தொட்டுவிட்டு வரும். வீடுகளோ ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வைத்தவை, பல வீடுகளில் சீலிங்குக்கு மேலே வெப்பத் தடுப்பு எதுவும் கிடையாது. இந்த ஊரில் யூனிட் விலையை மட்டும் வைத்து எரிபொருளைத் தேர்ந்தெடுத்தால் அது பாதிக் கணக்கு. தெருவே ஹீட்டர் போடும் ராத்திரியில் எது நிற்காமல் ஓடும் என்பதுதான் மீதி.

முதலில் மின்சாரம். 2024 மார்ச் கடைசியில் நின்ற லோட் ஷெடிங் (மின் உற்பத்தி போதாமல் முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு), பத்து மாதம் கழித்து 2025 ஜனவரி 31 அன்று மறுபடி தலைகாட்டியது. அதை மட்டும் கவனித்தவர்கள் குளிர்கால மின்வெட்டுக்கும் மின் உற்பத்திதான் காரணம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் பழுதாவது தெரு டிரான்ஸ்பார்மரும், பூமிக்கடியில் போகும் பழைய கேபிளின் இணைப்புகளும்தான். வீடுகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு எப்போதோ வைத்த டிரான்ஸ்பார்மர் அது. இன்று ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒன்றிரண்டு வாடகை அறைகள், அவற்றிலும் ஹீட்டர்.

கரண்ட் வந்த அரை மணியில் மறுபடி போவதற்கும் காரணம் உண்டு. சாதாரண நாளில் எல்லா வீட்டு கீசரும் ஒரே நேரத்தில் ஓடாது. ஒன்று நிற்கும்போது இன்னொன்று ஓடும். நாலு மணி நேரம் கரண்ட் இல்லாமல் போனால் எல்லாத் தண்ணீரும் ஆறிவிடும். கரண்ட் வந்த நொடியில் தெருவிலுள்ள அத்தனை 3 கிலோவாட் எலிமென்டும் ஒன்றாக இழுக்கும். அப்போது ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், டிரான்ஸ்பார்மரே போனால் நாள் கணக்கு. ஆகவே கரண்ட் போனதும் டிபி போர்டில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியில்) கீசர் சுவிட்சை இறக்கிவிடுங்கள். வந்தபின் அரை மணி விட்டு ஏற்றுங்கள். 150 லிட்டரை 40 டிகிரி சூடேற்ற 7 யூனிட் செலவாகும், கிட்டத்தட்ட 2 மணி 20 நிமிடம் பிடிக்கும். அரை மணி தாமதத்தால் குடி முழுகாது.

2 கிலோவாட் ஆயில் ஹீட்டர் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அதைச் சுவர்ச் சாக்கெட்டில் நேரடியாக மாட்ட வேண்டும். மல்டிபிளக்கில் மாட்டினால் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பாகும். அந்த நிறம் தெரிந்த அன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஹீட்டரை அதில் போடவே கூடாது. 5 யூனிட் பேட்டரி இரண்டரை மணியில் காலி. மின்சாரப் போர்வை 100 வாட் அளவில்தான் எடுக்கும். இன்வெர்ட்டருக்கு ஏற்றது அதுதான்.

அடுத்தது கேஸ். மூன்று பேனல் ஹீட்டருக்குள் 9 கிலோ சிலிண்டர் உட்காரும். மூன்று பேனலும் எரிந்தால் சுமார் 4 கிலோவாட் வெப்பம், மணிக்கு 300 கிராம் கேஸ். அந்தக் கணக்கில் ஒரு சிலிண்டர் 30 மணி நேரம் வரும், ஒரே பேனல் என்றால் 80 மணி நேரத்தைத் தாண்டும். முதல் கால் மணி மூன்று பேனலையும் எரித்துவிட்டுப் பிறகு ஒன்றுக்கு இறக்குவதே சிக்கனம். ஜன்னல் ஒரு கையளவு திறந்திருக்க வேண்டும். படுக்கையறையில் கூடவே கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் சென்சார் உள்ள சில ஹீட்டர்கள் இந்த உயரத்தில் காரணமில்லாமலே அடிக்கடி அணையும். சென்சாரின் நுனியில் படிந்த தூசியை மெல்லிய பிரஷால் தட்டினால் பெரும்பாலும் சரியாகும். சென்சாரைக் கழற்றி நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று சொல்லும் பழுதுபார்ப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கசிவு வருவது பெரும்பாலும் ரெகுலேட்டர் மூக்கிலுள்ள ரப்பர் ஓ-ரிங்கில். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் அதை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், சில்லறைக் காசுதான். மரை இடப்பக்கமாகச் சுற்றும் வகை. கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ரிங் நசுங்கும். பிறகு சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு நிறக் குழாயில் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

சிலிண்டரின் கழுத்து வளையத்தில் வெற்று எடை பொறித்திருக்கும். குளியலறைத் தராசில் நிறுத்து அதைக் கழித்தால் உள்ளே எவ்வளவு கேஸ் என்று தெரிந்துவிடும். 9 கிலோ என்று நிரப்பி 7 கிலோ தரும் இடங்கள் இல்லாமல் இல்லை. நிரப்பியதை வீட்டுக்கு வந்து நிறுத்துப் பயனில்லை, கடையிலேயே நிறுக்கச் சொல்லுங்கள்.

வெளியே சிலிண்டர் வைத்து கேஸ் கீசர் போட்டவர்களின் சிக்கல் வேறு. நிமிடத்துக்கு 16 லிட்டர் தரும் கீசர் முழு வேகத்தில் மணிக்கு 2 கிலோவுக்கு மேல் எரிக்கும். திரவம் அந்த வேகத்தில் ஆவியாகச் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் வேண்டும். குளிர் காலையில் அது கிடைக்காமல் சிலிண்டரின் கீழ்ப்பாகத்தில் பனி படரும், சுடர் சுருங்கும். புரொப்பேன் −42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகில்தான். கலவையில் பியூட்டேன் கூடுதலாக இருந்தால் கடைசி இரண்டு கிலோ குளிரில் எழும்பவே எழும்பாது. பனி படர்ந்த சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றக் கூடாது. ஒற்றைச் சிலிண்டருக்குப் பதில் இரண்டை ஒன்றாக இணைத்தால் இந்தச் சங்கடம் குறையும். ஆடியில் கோயிலில் கூழ் காய்ச்சப் பெரிய பர்னர் ஏற்றுபவர்களுக்கு இது பழகிப்போன விஷயம், அவர்கள் 48 கிலோ சிலிண்டருக்குக் கீழே இறங்குவதில்லை.

கீசர் பற்றவே மறுத்தால் கேஸைக் குறை சொல்லும் முன் இரண்டைப் பாருங்கள்: பேட்டரி தீர்ந்ததா, குழாயில் தண்ணீர் அழுத்தம் இருக்கிறதா. நிமிடத்துக்குச் சுமார் 3 லிட்டராவது ஓடாவிட்டால் பெரும்பாலான கீசர்கள் பற்றாது. கரண்ட் போனால் தண்ணீர் ஏற்றும் பம்பும் நிற்கும், மேட்டிலுள்ள வீடுகளுக்கு அழுத்தம் விழும். கரண்ட் இல்லாதபோது உதவட்டும் என்று வாங்கிய கீசர் இப்படிச் சுற்றி வளைத்துக் கரண்டையே நம்பி நிற்கிறது.

சிலிண்டர் கேஸுக்கும் வரத்து பலவீனம் உண்டு. டர்பனின் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் தீ விபத்தோடு நின்றது, மற்றது 2022-ல் மூடப்பட்டது. இப்போது ரிச்சர்ட்ஸ் பே, சல்டான்ஹா பே துறைமுகங்களில் இறங்கும் கப்பல் கேஸைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் இங்கே கடையில் ‘கேஸ் இல்லை’ அட்டை தொங்கும். அது தொங்குவதும் பெரும்பாலும் கடுங்குளிர் வாரத்தில்தான். ஒரு 19 கிலோ வாங்குவதைவிட இரண்டு 9 கிலோ மேல்: ஒன்று தீர்ந்ததும் மாற்றிக்கொண்டு, வெற்றுச் சிலிண்டரை அன்றே நிரப்பக் கொடுக்கலாம். ஏப்ரலிலேயே இரண்டையும் நிரப்பிவிடுங்கள். விலை மாதந்தோறும் முதல் புதன்கிழமை பெட்ரோலோடு சேர்ந்து மாறும், அதற்கு முந்தைய நாள் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஜோகன்னஸ்பர்க்கின் பழைய பகுதிகள் சிலவற்றில் குழாய் கேஸ் இருக்கிறது. நிறுக்க வேண்டாம், தூக்க வேண்டாம். வசதியில் இதை அடிக்க ஒன்றுமில்லை. ஆனால் வாயு வருவது மொசாம்பிக் எரிவாயு வயல்களிலிருந்து, 2004 முதல் தென்னாப்பிரிக்காவின் செகுண்டா வரை ஓடும் 865 கிலோமீட்டர் குழாய் வழியாக. அந்த வயல்கள் வற்றி வருகின்றன. புதிதாகக் குழாய் கேஸ் ஹீட்டர் வாங்குபவர்கள், அதை எல்பிஜிக்கு மாற்ற ஜெட் (கேஸ் வெளிவரும் சிறு துளையுள்ள உறுப்பு) கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

பாரபின் ஹீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லிட்டருக்கு 10 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம், எந்தக் கடையிலும் கிடைக்கும். திரி கருகினால் புகையும் நாற்றமும் வரும். கருகிய நுனியைச் சமமாக வெட்டலாம், அல்லது வெளியே வைத்துத் தொட்டி வற்றும்வரை எரியவிடலாம். எரியும்போது ஒருபோதும் ஊற்றாதீர்கள். கூல்டிரிங்க் பாட்டிலில் பாரபின் வைக்கும் பழக்கம் உள்ள வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், இந்த ஹீட்டரே வேண்டாம்.