தம்பியின் சட்டைப் பையில் ஒரு மஞ்சள் அட்டை

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை தொடங்கி ஆறு மாதத்தில் காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. ஆனாலும் டீக்கடைக்குப் போக மாட்டான். "கடைக்காரர் என்னையே முறைக்கிறார்க்கா" என்பான். ஒருநாள் நானும் கூடப் போனேன். அவர் பாட்டுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார், முகத்தில் ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமே இல்லாத முகம்தான் சிக்கல் என்று பகல்நேரப் பராமரிப்பு மையத்து உளவியலாளர் விளக்கினார். மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் இடம். மிரட்டும் முகத்துக்கும் சாதாரண முகத்துக்கும் அது காட்டும் வித்தியாசம் இந்த நோயில் பலருக்குக் குறைந்துபோகிறது. வெறும் முகத்துக்கே மணி அடித்துவிடுகிறது. அதோடு, எதிரில் இருப்பவரின் கண்ணையும் வாயையும் இவர்கள் குறைவாகவே பார்க்கிறார்களாம். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடம் "சும்மா கற்பனை பண்ணாதே" என்று அவனைத் திட்டியிருக்கிறேன்.

அங்கே நடத்தியது மெட்டாகாக்னிட்டிவ் டிரெயினிங் என்ற குழுப் பயிற்சி, அதாவது நம் எண்ணம் எப்படி ஓடுகிறது என்று நாமே கவனிக்கப் பழகுவது. ஜெர்மனியில் ஹாம்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஸ்டெஃபன் மோரிட்ஸும் கனடா ஆய்வாளர் டாட் உட்வர்டும் உருவாக்கியது. 8 அடிப்படைப் பாடங்கள். படக்காட்சிகளை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, அவசரப்பட்டு முடிவுக்கு வருவதைப் பற்றிய பாடம். ஒரு படம் கோடு கோடாகத் திரையில் சேர்ந்துகொண்டே வரும். என்ன படம் என்று சொல்ல வேண்டும். தம்பி நாலு கோட்டிலேயே அடித்துச் சொன்னான். தப்பு. யாரும் அவனைத் திருத்தவில்லை, படமே திருத்தியது. வீட்டில் நாங்கள் எத்தனை தடவை வாதாடியும் நடக்காத விஷயம் இது. முகபாவனைப் பாடத்தில், முகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்கப் பழக்குகிறார்கள்.

குறைகளும் உண்டு. படங்களில் வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நம் ஊர் முகங்கள் இருந்தால் இன்னும் ஒட்டும். குரலின் தொனியைப் புரிந்துகொள்ளப் போதுமான பயிற்சி இல்லை. தம்பி போனில் பேசும்போது இன்னமும் தடுமாறுகிறான். 8 பாடம் ஒரு சுற்று போதவே போதாது. நாங்கள் இரண்டாம் சுற்றில் இருக்கிறோம்.

பயிற்சியில் ஒரு மஞ்சள் அட்டை தருகிறார்கள். என்ன ஆதாரம்? வேறு காரணம் இருக்குமா? அப்படியே இருந்தாலும் நான் மிகையாக எடுத்துக்கொள்கிறேனா? அதில் இருப்பது இந்த மூன்று கேள்விகள்தான். சிவப்பு அட்டையில் நெருக்கடியில் கூப்பிட வேண்டியவர்களின் எண்களை எழுதிக்கொள்ளலாம். போன வாரம் ரேஷன் கடையிலிருந்து வந்த அம்மா யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தம்பி சட்டைப் பையில் இருந்த மஞ்சள் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அம்மா, என் மேல கோவமா, இல்ல கால் வலிக்குதா?"

கால் வலிதான்.

சரி, சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: இது மாத்திரைக்கு மாற்று இல்லை. முன்பு குரல்கள் பலமாகக் கேட்ட நாட்களில் அனுப்பிப் பார்த்தோம், அவனால் உட்காரவே முடியவில்லை. கொஞ்சம் தணிந்தபின், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சேருங்கள். முடிந்தால் முதல் பாடத்துக்கு வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போய் உட்காருங்கள்.