பல்பை மாற்றுவதா, பிளக்கைப் பிடுங்குவதா?

கரண்ட் பில்லைக் குறைக்க எது முதலில் என்பதுதான் கேள்வி. பாலக்காட்டு எல்லையில் இருக்கிற நம் கொழிஞ்சாம்பாறையில் கேரள மின்வாரியமான கேஎஸ்ஈபி, கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டு ஈபி. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், நமக்கு அது இல்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் அடிதான். அங்கே கீழ் அடுக்கின் மலிவு விலை போய்விடும். இங்கே முதல் யூனிட்டிலிருந்து மொத்தத்துக்கும் ஒரே உயர்ந்த விலை. 510இல் நிற்கிற வீட்டுக்குப் பதினைந்து யூனிட் குறைந்தால் பெரிய காரியம்.

அதை பல்பில் எடுப்பது சுலபம். கொல்லைப்புறத்தில் இன்னும் 60 வாட் குண்டு பல்பு தொங்கினால் யோசிக்கவே வேண்டாம். 9 வாட் எல்ஈடி ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும். தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 15 யூனிட் மிச்சம். 'ஃபிலமென்ட் ஃப்ரீ கேரளா' என்று கேஎஸ்ஈபி திட்டம் போட்டு எல்ஈடி கொடுத்ததும் இதற்குத்தான். பலர் மறப்பது படுக்கையறை சீரோ வாட்ஸ் பல்பை. பழைய ரகம் 15 வாட் வரை இழுக்கும். சக்கர மீட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது, இப்போதைய மீட்டர் விடாது. ராத்திரி 10 மணி நேரம் எரிந்தால் 9 யூனிட். அரை வாட் எல்ஈடியில் அரை யூனிட்கூட ஆகாது. சிஎஃப்எல் இருந்தால் ஃபியூஸ் போகும்வரை எரியட்டும், அதை மாற்றி மிச்சம் பிடிப்பது ஒன்றிரண்டு யூனிட்தான்.

பிளக் பக்கம் வந்தால், எல்லாரும் திட்டுவது செல்போன் சார்ஜரை. போன் மாட்டாத சார்ஜர் தின்பது ஒன்றுமே இல்லை. புது டிவியும் ரிமோட்டில் அணைத்தால் அரை வாட்டோடு அடங்கும். உண்மையில் கரண்ட் தின்கிற ஆசாமி செட்டாப் பாக்ஸ்தான். காலையில் எழுந்ததும் அதன் மேல் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். சும்மா கிடக்கும்போதே 10 வாட் இழுக்கிற பெட்டி, தினமும் டிவி பார்க்காத 19 மணி நேரத்தில் இரண்டு மாதத்துக்கு 11 யூனிட் தின்றுவிடும். சுவிட்சிலேயே அணைத்தால் மிச்சம். ஆனால் மறுபடி படம் வர ஓரிரு நிமிடம் ஆகும்; சீரியலுக்கு முன்னாலேயே போட்டு வைக்காவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் பேச்சு வாங்க வேண்டும்.

என் ஓட்டு முதலில் பல்புக்கு. ஒரு தடவை மாட்டினால் வேலை முடிந்தது, பிளக்குக்குத் தினமும் ஞாபகம் வேண்டும். பிளக்கில் செட்டாப் பாக்ஸை மட்டும் பிடித்தால் போதும். போனிலிருந்தே அணைக்கிற ஸ்மார்ட் பிளக் வாங்குகிறவர்கள் அதை டிவிக்கு மாட்டாதீர்கள். அரை வாட்டைத் தடுக்கப் போய் அதுவே ஒரு வாட் இழுக்கும்.